பசியறிந்த பிரார்த்தனை: பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை

மும்பையிலிருந்து சென்னைக்குப் புறப்படும் மெயில் வண்டி மலையேறி லோனாவாலாவைக் கடந்து, புனே தாண்டி, தவுண்டு சந்திப்பை நெருங்குமுன் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடந்து செல்கிறது. ஊருக்குப் போகும் நம்மவர்களில் பலர் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதே பாதைதான் பிறகு ராய்ச்சூரைத் தொட்டு, திருப்பதி மலையடிவாரத்துக்கு அருகே ரேணிகுண்டா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

இந்தப் பாதையில் ஒரு பெண்மணியின் வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. திருப்பதிக் காட்டில் அவர் பட்டினி கிடந்தார். ராய்ச்சூரில் தாயைப் பறிகொடுத்தார். கேட்காவ் கிராமத்தில், பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தாமே தாயானார். அவர்தான் பண்டித ரமாபாய் அம்மையார்.

துன்பம் வரும்போது கடவுளை நோக்கிக் கைகூப்பாதவர் யார்? கோயிலானாலும் மசூதியானாலும் மாதா கோயிலானாலும், கலங்கிய மனம் போகுமிடம் ஒன்றுதான். ஆனால் உள்ளம் உருகிச் செய்த பிரார்த்தனை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிய, கிறிஸ்தவ சமயத்தில் நின்று வாழ்ந்த இந்த அம்மையாரின் கதை நல்ல சான்று.

காட்டில் பிறந்த குழந்தை

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்ற மராட்டிய பிராமணர். தாய் லட்சுமிபாய்.

பெண்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லித் தருவது பாவம் என்று கருதப்பட்ட காலம் அது. அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அதைக் கற்பித்தார். இதற்காக உடுப்பியில் பண்டிதர் சபை முன் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது. அவர் சாஸ்திரங்களிலிருந்தே சான்று காட்டித் தம் பக்கத்தை நிலைநாட்டினார். தாய் கற்றதை மகளுக்கு வாய்மொழியாகக் கற்றுக் கொடுத்தார். பொழுது விடியுமுன்பே பாடம் தொடங்கிவிடும். பல்லாயிரம் சுலோகங்கள் சிறுமிக்கு மனப்பாடம்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோதே குடும்பம் காட்டை விட்டுக் கிளம்பியது. அன்று முதல் தீர்த்த யாத்திரைதான் வாழ்க்கை. கோயில் மண்டபங்களிலும் குளக்கரைகளிலும் அமர்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்பவர்கள் கொடுக்கும் தட்சிணையில் சாப்பாடு நடக்கும். மிஞ்சியதைத் தான தருமம் செய்துவிடுவார்கள்.

பதினொரு நாள் பட்டினி

1874ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தது. புராணம் கேட்க ஆளில்லை. கையிலிருந்த பாத்திரமும் துணியும் விற்றுத் தீர்ந்தன. உடல் உழைப்பு இக்குடும்பத்துக்குப் பழக்கமில்லை. பிச்சை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. விரதம் இருந்தார்கள், ஜபம் செய்தார்கள், ஒவ்வொரு கோயிலாகச் சென்று விழுந்து வணங்கினார்கள்.

கடைசியில் திருப்பதி மலைக் காட்டுக்குள் போனார்கள். பதினொரு நாள் தண்ணீரும் இலையும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும்தான் ஆகாரம். தந்தைக்கு அப்போது பார்வை போய்விட்டது. இனித் தாங்காது என்று கண்டு, புண்ணிய தீர்த்தத்தில் மூழ்கி உயிரை விட்டுவிடத் தீர்மானித்தார். கடைசி மகளான ரமாவை அருகே அழைத்து அணைத்துக்கொண்டார். உன்னைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டேன், வாழ்நாள் முழுவதும் அவருக்கே ஊழியம் செய் என்று சொன்னார். பதினாறு வயதுப் பெண் கேட்ட அந்தச் சொல், கடைசிவரை அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அப்போது அண்ணன் சீனிவாச சாஸ்திரி முன்வந்து, எந்தக் கூலி வேலையானாலும் செய்து காப்பாற்றுவதாக உறுதி கூறித் தந்தையைத் தடுத்தார். காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. சில நாட்களில் தந்தை இறந்தார்.

அடுத்தது தாய். ராய்ச்சூரில் காய்ச்சலில் படுத்த லட்சுமிபாய்க்குக் கொடுக்க ஒன்றுமில்லை. ரமாபாய் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரு கம்பு ரொட்டி கேட்க வேண்டும். வாய் திறக்கவில்லை, கண்ணீர்தான் வந்தது. அந்த வீட்டு அம்மாள் இரங்கிக் கொடுத்த ரொட்டியைக் கொண்டுவந்தபோது, அதை உண்ணும் நிலையில் தாய் இல்லை.

தாயின் உடலைத் தூக்க ஆள் வரவில்லை. கடைசியில் இரண்டு பிராமணர்கள் இரங்கி வந்தார்கள். அண்ணன் மூன்றாம் ஆள். நான்காவதாக ரமாபாயே பாடையைச் சுமந்தார். உயரம் குறைவானதால் தோளுக்கு எட்டவில்லை; தலையில் தாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். அடுத்த ஆண்டு அக்காளும் காலராவில் இறந்துபோனார்.

இத்தனை பிரார்த்தனையும் வீணா? இந்தக் கேள்வி அந்தப் பெண்ணின் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

நாடெங்கும் நடந்த கால்கள்

அண்ணனும் தங்கையும் நடந்தார்கள். காஷ்மீர்வரை போனார்கள். ஜீலம் நதிக்கரையில் கடுங்குளிர், போர்த்திக்கொள்ளத் துணியில்லை. மணலில் சவக்குழிபோல் பள்ளம் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய உடலை மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். காட்டில் கிடைத்த காய்களைத் தோலும் கொட்டையுமாக விழுங்கிப் பசியாறினார்கள்.

1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் ரமாபாயைச் சோதித்துப் பார்த்து வியந்தார்கள். பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினார்கள். இருபது வயதுப் பெண்ணின் புகழ் நாடெங்கும் பரவியது.

புகழ் வந்தாலும் துன்பம் விடவில்லை. 1880இல் அண்ணன் நோயில் படுத்தார். தமக்குப் பின் தங்கைக்கு யார் துணை என்பதே அவருடைய கவலை. நமக்குக் கடவுளைத் தவிர யார் இருந்தார்கள், இனியும் அவர் பார்த்துக்கொள்வார் என்று தங்கை சொன்ன பிறகுதான் அவர் மனம் அமைதியடைந்தது. அதே ஆண்டு ரமாபாய், விபின் பிகாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவரையும் காலரா கொண்டுபோயிற்று.

இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையுடன் விதவை. உற்றார் உறவினர் என்று சொல்ல ஒருவருமில்லை. மொட்டையடித்து மூலையில் உட்கார்த்தப்பட்ட விதவைப் பெண்களின் துயரம் அப்போது அவருக்குச் சொந்தத் துயரமாயிற்று.

கல்வியும் கிறிஸ்தவமும்

புனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அரசாங்கம் அமைத்த ஹன்ட்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

கணவருடைய புத்தகங்களுக்கிடையே கிடைத்த வங்காள மொழி லூக்கா சுவிசேஷத்தை அவர் முன்பே படித்திருந்தார். 1883இல் மருத்துவம் படிக்கும் நோக்கத்துடன் இங்கிலாந்து சென்றார். காது மந்தமாக இருந்ததால் அது கைகூடவில்லை. அங்கே லண்டனில், வழிதவறிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் வெறுக்காமல் அரவணைத்து வாழவைப்பதைக் கண்டார். இப்படிப்பட்ட பெண்களுக்கு இத்தனை இரக்கம் காட்டச் சொல்லும் சமயம் எது என்று ஆராய்ந்தார். சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய வரலாறு அவர் உள்ளத்தைத் தொட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

1886இல் அமெரிக்கா சென்றார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். போஸ்டன் நகரில் கூடிய அன்பர்கள், அவருடைய பள்ளிக்குப் பத்து ஆண்டுகள் பண உதவி செய்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

1889 மார்ச் 11ஆம் தேதி பம்பாய் சௌபாத்தியில் சாரதா சதனம் என்ற பள்ளி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இரண்டே மாணவிகள். அவர்களுள் ஒருவரான கோதுபாய் என்ற இளம் விதவையைத்தான், பிற்காலத்தில் பாரத ரத்னா விருது பெற்ற டி. கே. கார்வே 1893இல் மணந்துகொண்டார். பள்ளி அடுத்த ஆண்டே புனாவுக்கு மாறியது.

அங்கே ஒரு புயல் வீசியது. எந்த மாணவியின் மதத்திலும் தலையிடுவதில்லை என்பது பள்ளியின் விதி. ஆனால் அம்மையார் தம் அறையில் பிரார்த்தனை செய்யும்போது கதவைத் திறந்தே வைத்திருப்பார். சில மாணவிகள் தாமாகவே வந்து அமர்ந்தார்கள். சிலர் மனம் மாறினார்கள். இது சொன்ன சொல்லை மீறியது என்று பெற்றோரும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தனர். ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் 1893இல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவிகள் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எந்த விதவைக்கும் வாசலை மூடாத அம்மையாரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

லோனாவாலாவில் கேட்ட வரம்

1896ஆம் ஆண்டு லோனாவாலாவில் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று நடந்தது. ஒரு நாள் அதிகாலையில் அம்மையார் தனியாகக் காட்டுக்குள் சென்று மண்டியிட்டார். பள்ளியில் அவரோடு கிறிஸ்துவை ஏற்றிருந்தவர்கள் 15 பேர். அந்த 15, பதினைந்து மடங்காகி 225 ஆகவேண்டும் என்று கடவுளிடம் கேட்டார். நடக்கக்கூடிய காரியமாக அவருக்கே தோன்றவில்லை.

சில மாதங்களில் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்று செய்தி வந்தது. செய்தி கேட்டதும் திருப்பதிக் காடும் ராய்ச்சூரும் அவர் கண்முன் வந்து நின்றன. போகவேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் கையில் இருந்த பணம் விதவைகளின் படிப்புக்கென்று அமெரிக்கர் அனுப்பியது. அந்தப் பத்தாண்டு உதவியும் முடியும் தறுவாயில் இருந்தது. எதை நம்பிப் போவது? பிரார்த்தனை செய்தார். பிறகு புறப்பட்டார்.

இதுதான் இந்த வரலாற்றில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். அம்மையாருடைய பிரார்த்தனை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு முடியவில்லை. எழுந்து ரயில் ஏறுவதில் முடிந்தது.

நிவாரண முகாம்களில் அவர் கண்ட காட்சி கொடுமையானது. எலும்பும் தோலுமாகச் சிறுமிகள். பசியைக் காட்டி அவர்களை இழுத்துச் செல்லத் தீயவர்கள் முகாமைச் சுற்றி வட்டமிட்டார்கள். அம்மையார் கிடைத்தவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்தார். 1897இல் சில மாதங்களுக்குள் அவரிடம் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். லோனாவாலாவில் கேட்டது 225. வந்து நின்றதோ அதைவிட அதிகம். ஆனால் அவர் எண்ணிப் பார்த்திராத உருவத்தில், புண்ணும் பேனும் பசியுமாக வந்து நின்றது!

நான் ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு குடும்பம் சாமான்களோடும் கைக்குழந்தையோடும் வண்டி மாறுவதற்கே எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவன். நடக்கவும் தெம்பில்லாத நூற்றுக்கணக்கான சிறுமிகளை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுசேர்த்த துணிவை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

கேட்காவில் எழுந்த முக்தி

அந்தச் சமயம் புனாவில் பிளேக் நோய். புதிதாக ஆட்களை நகருக்குள் கொண்டுவரக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். அம்மையார் முன்யோசனையாகக் கேட்காவில் நூறு ஏக்கர் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டிருந்தார். அங்கே கூடாரங்களும் கொட்டகைகளும் எழுந்தன. அதற்கு முக்தி என்று பெயர் சூட்டினார்.

வந்த சிறுமிகள் முதலில் யாரையும் நம்பவில்லை. உணவை ஒளித்துவைத்தார்கள், அடித்துக்கொண்டார்கள். சாரதா சதனத்துப் பழைய மாணவிகளே ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு, குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, ஊட்டி வளர்த்தார்கள். ஒரு காலத்தில் சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கிய விதவைகள், இப்போது தாய்மார் ஆனார்கள்.

1900இல் குஜராத் பக்கம் மீண்டும் பெரும் பஞ்சம். முக்தியில் ஏறத்தாழ 2000 பேர் ஆகிவிட்டார்கள். யாரிடமும் கையேந்துவதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அம்மையாரின் உறுதி. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரின் வரலாற்றைப் படித்து அவர் எடுத்த முடிவு இது. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வார். அன்பர்களுக்கு நடந்ததை எழுதுவார். முக்தியிலிருந்து வெளிவந்த செய்தி ஏட்டுக்கே பிரார்த்தனை மணி என்று பெயர்.

மழை பொய்த்த அந்த ஆண்டில் சுற்றுப்புறக் கிணறுகள் வறண்டன. இரண்டாயிரம் பேருக்கும் மாடுகளுக்கும் கட்டட வேலைக்கும் தண்ணீர் வேண்டும். மாலையில் அடிமட்டம்வரை இறைக்கப்பட்ட முக்தியின் கிணறுகளில் காலையில் மறுபடி நீர் ஊறியிருந்ததாக அங்கிருந்தவர்களின் வரலாறு கூறுகிறது. நம்புகிறவர்கள் அதை அற்புதம் என்பார்கள். மற்றவர்கள் நல்ல ஊற்று என்பார்கள். கிணற்றை வெட்டிவைத்ததும் அதே அம்மையார்தான் என்பதை இருவரும் மறக்கக்கூடாது.

முக்தியில் சும்மா இருந்தவர் யாருமில்லை. நெசவு, தையல், எண்ணெய்ச் செக்கு, மாட்டுப் பண்ணை, அச்சகம் எல்லாம் பெண்களே நடத்தினார்கள். கைவிடப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் ஏற்பட்டது. பார்வையற்றவர்களுக்கு மனோரமா பிரெய்ல் எழுத்தில் கல்வி கற்பித்தார்.

1905 ஜனவரியில் தினமும் கூடிப் பிரார்த்தனை செய்ய வாருங்கள் என்று அம்மையார் அழைத்தபோது 70 பேர் வந்தார்கள். சில மாதங்களில் அது 550 ஆயிற்று. ஜூன் மாதக் கடைசியில் அந்தப் பெண்கள் வாய்விட்டுக் கதறி, ஒரே குரலாய் வேண்டிய வேண்டுதல் முக்தியையே குலுக்கியது. பல ஆண்டுகள் நெஞ்சில் அடைத்துக்கிடந்த பசியும் அவமானமும் அந்த அழுகையில் கரைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கடைசி நாட்கள்

முதுமை நெருங்கியபோது இன்னொரு பெரும்பணியை மேற்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும் எளிய மராட்டியில் வேதாகமம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்களே அச்சுக் கோத்தார்கள்.

1919இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. ஆனால் பெரிய இடி பின்னால் வந்தது. 1921 ஜூலையில், தமக்குப் பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா, நாற்பது வயதில் இறந்துபோனார். தந்தை, தாய், அக்காள், அண்ணன், கணவர், இப்போது மகளும். யாருக்காக உருகி வேண்டினாரோ அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அம்மையார் மேசையை விட்டு எழவில்லை. வேதாகமத்தின் அச்சுப் பிழை திருத்தும் வேலை மீதியிருந்தது. உடல் தளர்ந்த நிலையில், வேலையை முடிக்க இன்னும் பத்து நாள் வேண்டும் என்று கடவுளிடம் கேட்டார் என்றும், பத்து நாளில் கடைசித் தாளையும் திருத்தி முடித்தார் என்றும் முக்தியில் சொல்லிவருகிறார்கள். 1922 ஏப்ரல் 5ஆம் தேதி உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 63.

1989இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நிழல் தருகிறது.

பதினாறு வயதில் கேட்டது கிடைக்கவில்லை. தந்தை பிழைக்கவில்லை, தாய் பிழைக்கவில்லை. அந்தக் கணக்கை யாரும் நேர் செய்ய முடியாது. ஆனால் ஒரு கம்பு ரொட்டிக்காக வாசலில் நின்று பேச்சு வராமல் அழுத பெண், அதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பிறகு தன் வாசலுக்கு வந்த எந்தச் சிறுமியையும் வாய்திறந்து கேட்கும்வரை அவர் காத்திருக்கவிடவில்லை.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, துன்பம் வரும்போது சொல்லி அழ ஆளில்லாமல் தனியே வேண்டிக்கொள்பவர்கள் நம்மில் பலர் உண்டு. நம் வேண்டுதல் பலித்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்குமுன், அடுத்த அறையில் பசித்திருப்பவன் இருக்கிறானா என்று பார்ப்பது நல்லது. ரமாபாய் அம்மையார் செய்தது அதைத்தான்.